வாலாஜா சாலை முதல் கிண்டி வரை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று சென்னையில் இருந்த யாரிடம் கேட்டாலும் கடல் உள்ளே வந்ததைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான். எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணின் குடும்பம் பட்டினப்பாக்கத்தில் இருந்தது; அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விட்டது. அதே நாளில் டெல்லியில் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டிருந்தது. மறுநாள் அலுவலகம் போன பிறகுதான் எனக்கு அது தெரியும். பாதி நாற்காலிகள் காலி. வந்திருந்தவர்களும் மீனவர் குப்பங்களுக்கு அரிசி, போர்வை சேர்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று 1972 முதல் இருந்துவந்த நிலை இன்னும் ஐந்து நாளில் முடியப்போகிறது. அதை உட்கார்ந்து பேச அந்த வாரம் யாருக்கும் மனமில்லை.

எண்பதுகளின் நடுவில், வேதியியல் முதுகலை முடித்து, மத்தியத் தேர்வாணையத்தின் வழியாகப் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது சென்னைக் காப்புரிமை அலுவலகம் வாலாஜா சாலை 61ஆம் எண்ணில் இருந்தது. சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால் விக்கெட் விழுந்ததை நாங்கள் ரேடியோ இல்லாமலே தெரிந்துகொள்வோம். என்ன வேலை என்று கேட்கும் உறவினர்களுக்கு விளக்கிச் சொல்லி மாளாது. என் சித்தப்பா கடைசிவரை என்னைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவளாகவே ஊரில் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துத் தரச் சொல்லி இரண்டு பேரை அனுப்பியும் வைத்தார்.

தலைமையகம் கல்கத்தாவில். டெல்லி, பம்பாய், சென்னை மூன்றும் கிளைகள். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு எங்கள் எல்லை. எங்களிடம் பதிவாகும் விண்ணப்ப எண்ணின் நடுவில் ‘மாஸ்’ என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும், மெட்ராஸின் சுருக்கம். எண்பதுகளில் நாடு முழுவதிலும் சேர்த்து ஆண்டுக்கு நாலாயிரம் விண்ணப்பம்கூட வராது. ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் இந்திய அரசிதழின் மூன்றாம் பகுதி, இரண்டாம் பிரிவில் வெளியாகும். அதைப் பார்த்து ஆட்சேபிக்க நினைப்பவர்களுக்கு நான்கு மாதம். ஆட்சேபிக்க உரிமை உள்ளவர், சட்டத்தின் சொல்லில், ‘நலன் தொடர்புடையவர்’. நடைமுறையில் அது இன்னொரு கம்பெனிதான். எங்கள் படியேறி வந்தவர்கள் ஏஜென்டுகளும் அவர்களுடைய குமாஸ்தாக்களும். அவர்கள் காப்புரிமை கேட்கும் மருந்தை வாங்கிச் சாப்பிடப்போகிறவர் ஒருவர்கூட அந்தப் படியை மிதித்து நான் பார்த்ததில்லை.

1970 சட்டத்தின் ஐந்தாம் பிரிவு எங்களுக்கு மனப்பாடம். உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் பொருளுக்குக் காப்புரிமை இல்லை; அதைச் செய்யும் முறைக்கு மட்டும் உண்டு. மருந்து செய்முறைக்குக் காப்புரிமை வழங்கியதிலிருந்து ஐந்து ஆண்டு, அல்லது மனு செய்ததிலிருந்து ஏழு ஆண்டு, எது குறைவோ அது. இந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது 1959இல் அவர் தந்த அறிக்கையின் பழைய பிரதி ஒன்று எங்கள் நூலகத்தில் இருந்தது. இந்தியாவில் உள்ள காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வெளிநாட்டாருடையவை. அவற்றிலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இந்த மண்ணில் தொழிலுக்கே வராதவை என்று அதில் எழுதியிருந்தார். கண்டுபிடிப்பை வளர்க்க வந்த சட்டம் இறக்குமதிச் சந்தையைப் பூட்டிவைக்கத்தான் பயன்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். புதிதாகச் சேருகிறவர்களிடம் அதைப் படிக்கக் கொடுப்பேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தையதையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். படித்தவர்கள் திருப்பித் தர மறந்துவிடுவார்கள்.

அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதை என் மேசையிலேயே பார்த்தேன். ஹைதராபாத்திலிருந்து வந்த விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏற்கெனவே வெளிநாட்டில் விற்கும் மருந்தை வேறு வழியில் செய்யும் முறைகள். ஒரு படியைக் குறைத்திருப்பார்கள், விலை கூடிய வினையூக்கியை மாற்றியிருப்பார்கள், கரைப்பானை மீட்டு மறுபடி பயன்படுத்தியிருப்பார்கள். சில படு சுமார். சிலவற்றைப் படிக்கும்போது நாமே ஆய்வகத்துக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றும். பின்னாளில் உலகம் முழுதும் மலிவு மருந்து அனுப்பிய தொழில் இப்படித்தான் கை பழகியது.

1994 ஏப்ரலில் மராக்கேஷில் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் கையெழுத்தானதும் இதற்கெல்லாம் நாள் குறித்தாயிற்று. வளரும் நாடு என்பதால் பொருள் காப்புரிமைக்கு 2005 வரை தவணை. ஆனால் 1995 ஜனவரி முதலே விண்ணப்பங்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் மெயில்பாக்ஸ் என்றார்கள். 1994 கடைசி நாளில் ஓர் அவசரச் சட்டம் வந்தது, மார்ச்சில் காலாவதியானது. மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையில் நின்றது. 1996இல் மக்களவை கலைந்ததோடு போயிற்று. சட்டம் இல்லை, விண்ணப்பம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நிர்வாக உத்தரவின்பேரில் வாங்கிக்கொண்டோம். எண் போடு, தேதி போடு, ரசீது கொடு, உறையைத் திறக்காமல் அலமாரியில் வை. எந்தப் பிரிவின் கீழ் வாங்குகிறீர்கள் என்று ஓர் ஏஜென்டின் இளைய உதவியாளர் கேட்டபோது எங்கள் பதிவாளர் சொன்னார், “தம்பி, ரசீது வேணுமா, பிரிவு வேணுமா? ரெண்டும் இப்ப கிடைக்காது.”

அதே கேள்வியை அமெரிக்கா ஜெனீவாவில் கேட்டது. நிர்வாக உத்தரவு போதாது, சட்டத்தின் பிடிமானம் வேண்டும் என்று 1997 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1999இல் திருத்தம் வந்தது. அதில்தான் ஈஎம்ஆர் என்ற பிரத்யேகச் சந்தை உரிமை நுழைந்தது. மெயில்பாக்ஸில் விண்ணப்பம் போட்டவருக்கு வெளிநாட்டில் காப்புரிமையும் இங்கே விற்பனை அனுமதியும் இருந்தால், காப்புரிமை இல்லாமலே ஐந்து ஆண்டு தனி விற்பனை உரிமை. கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று நாங்கள் பார்க்க முடியாது. வெளியிலிருந்து யாரும் ஆட்சேபிக்கவும் வழி இல்லை. என் பணிக்காலத்தில் நான் பார்த்த விதிகளில் மிக மோசமானது இதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

2003 நவம்பரில் நோவார்ட்டிஸின் கிளிவெக் மாத்திரைக்கு இந்த உரிமை கிடைத்தது. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கான மருந்து அது; நோயாளி அதை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். உள்நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தை ஏறத்தாழ 10,000 ரூபாய்க்கு விற்றுவந்தன. 2004 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிறுவனங்களில் சிலவற்றுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட தடையைத் தர மறுத்தது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே தருகிறோம் என்று நோவார்ட்டிஸ் சொன்னது. பலருக்கு அப்படிக் கிடைத்தது உண்மை. கிடைக்காதவர்களும் இருந்தார்கள்.

அலுவலகம் அப்போது தேனாம்பேட்டையில், குணா காம்ப்ளெக்ஸில். ஒருநாள் மதியம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நெசவுக்காரர். மகனுக்கு அடையாறில் சிகிச்சை. யாரோ எங்கள் முகவரியைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“அம்மா, அந்த மாத்திரைய இந்த ஆபீஸ்லதான் நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க.”

“நாங்க நிறுத்தலைங்க பெரியவரே. கோர்ட்டு உத்தரவு.”

“கோர்ட்டுக்கு எதை வெச்சுப் போனாங்க?”

பதில் சொல்லத் தயங்கினேன். “இங்க குடுத்த உரிமையை வெச்சுதான்.”

“அப்ப இங்கதான மனு குடுக்கணும். யாருகிட்டக் குடுக்கட்டும்?”

சட்டப்படி யாரிடமும் இல்லை. மேசையில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அரசு அலுவலகங்களில் அது வழக்கம்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே கொடுத்துப் பயனில்லை, புற்றுநோயாளிகளுக்காக வழக்கு நடத்துகிற அமைப்புகள் இருக்கின்றன, அவர்களைப் பாருங்கள் என்று விவரம் எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “உங்க ஆபீஸ்ல எங்க பேச்சுக்கு எடம் இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் அயற்பணியில் டெல்லி உத்யோக் பவனில் இருந்தேன். 2002 திருத்தத்துக்கான குறிப்புகள் தயாரிக்கும் குழுவில் கடைநிலை ஆள். காப்புரிமைக் காலம் எல்லாத் துறைக்கும் இருபது ஆண்டு, பதினெட்டு மாதத்தில் விண்ணப்பத்தை வெளியிடுவது எல்லாம் அந்தத் திருத்தத்தில் வந்தவை. பாரம்பரிய அறிவைக் கண்டுபிடிப்பாகக் கோர முடியாது என்ற பிரிவும் அப்போது சேர்ந்தது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்கா 1995இல் காப்புரிமை கொடுத்து, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் போராடி 1997இல் அதை ரத்து செய்யவைத்த கதை அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்தது. டெல்லியில் நான் கற்ற பாடம் எளியது. வாசகத்தை யார் முதலில் எழுதித் தருகிறாரோ, விவாதம் அவர் வாசகத்தைச் சுற்றியே நடக்கும். எங்களிடம் வாசகம் தயாராக இல்லாத இடங்களில் வேறு யாராவது தயாராக வைத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்ல கோட்டு போட்டிருந்தார்கள்.

இப்போது அந்த டிசம்பர் அவசரச் சட்டத்துக்கு வருகிறேன். அதில் எனக்கு முதலில் பட்டது ஆட்சேபணைப் பகுதி. காப்புரிமை தருவதற்கு முன் எவரும் எழுத்தில் தெரிவிக்கலாம், ஆனால் அவர் விசாரணையில் ஒரு தரப்பாக ஆக முடியாது என்று இருந்தது. தபாலில் ஒரு கடிதம் போட்டுவிட்டு வீட்டில் இரு என்று அர்த்தம். மென்பொருளுக்கும் கதவைச் சற்றுத் திறந்துவைத்திருந்தார்கள். இடதுசாரிகளின் ஆதரவில் நின்ற அரசு அது. பேரம் நடந்தது. மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் வேறு முகத்தோடு வந்தது. மென்பொருள் தளர்வு நீங்கியிருந்தது. மூன்றாம் பிரிவின் டி உட்பிரிவு விரிவாகியிருந்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், அறியப்பட்ட செயல்திறனைக் கூட்டாவிட்டால், கண்டுபிடிப்பாகாது. உப்பு, எஸ்டர், படிக வடிவம் எல்லாம் அதே பொருளாகவே கருதப்படும். ஆட்சேபிக்கிறவர் கேட்டால் நேரில் விசாரணை தர வேண்டும் என்ற உரிமையும் வந்தது. ‘எவரும்’ ஆட்சேபிக்கலாம். அப்போது கட்டணம் கிடையாது.

அதற்கு முன்பே, 2005 ஜனவரியில், மெயில்பாக்ஸ் அலமாரிகளைத் திறந்தோம். நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்பதாயிரம் விண்ணப்பம். அதோடு அந்த நிதியாண்டில் புதிதாக வந்தவை பதினேழாயிரத்துக்கு மேல். பரிசோதகர்கள் எல்லா ஊரையும் சேர்த்து இருநூறைத் தொட மாட்டார்கள். பத்து வருஷம் உறைக்குள் கிடந்த காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. விண்ணப்பித்த கம்பெனிகள் சில வேறு கம்பெனிகளில் கரைந்துபோயிருந்தன. எண்களில் ‘மாஸ்’ போய் ‘சிஎச்இ’ வந்திருந்தது. இளைஞர்கள் மூன்று ஆண்டு வேலை கற்றுக்கொண்டு, இரண்டு மடங்குச் சம்பளத்துக்கு அட்டர்னி நிறுவனங்களுக்குப் போய்விடுவார்கள். பிறகு அதே வராந்தாவில் எதிர்த்தரப்பாக வந்து நின்று, “வணக்கம் மேடம்” என்பார்கள். நாங்கள்தான் அவர்களுக்கு எங்கே பிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள்.

கிளிவெக் விண்ணப்பம் எங்கள் அலமாரியில்தான் இருந்தது. எண் 1602/மாஸ்/98. சுவிஸ் கம்பெனி சென்னையில் ஏன் போட்டது என்று பலர் கேட்பார்கள். வெளிநாட்டு விண்ணப்பம், அதன் ஏஜென்டின் முகவரி எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கே போகும், அவ்வளவுதான். கோரியது இமாடினிப் மெசிலேட் என்ற உப்பின் பீட்டா படிக வடிவத்தை. ஒரே மூலக்கூறு திடப்பொருளாகும்போது இரண்டு விதமாக அடுக்கிக்கொள்ளலாம். ஆல்ஃபா வடிவம் ஊசி ஊசியாக இருக்கும், ஈரம் இழுக்கும். பீட்டா அவ்வளவு ஈரம் இழுக்காது, மாத்திரை போடச் சௌகரியம். மூல மருந்துக்கு 1993இலேயே வெளிநாடுகளில் காப்புரிமை விண்ணப்பம் ஆகிவிட்டது.

ஆட்சேபணைகள் வந்தன. நாட்கோ, சிப்லா, ரான்பாக்சி, ஹெட்டிரோ வந்ததில் வியப்பில்லை. அவை வியாபாரப் போட்டியாளர்கள். ஐந்தாவதாக மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் வந்தது. நோயாளிகள் தரப்பு, தன் பெயரில், தன் வழக்கறிஞரோடு. அந்த விசாரணையை நடத்திய அதிகாரி நான் இல்லை, அந்தக் கோப்பில் என் கையெழுத்தும் இல்லை. ஆனால் விசாரணை நாட்களில் அலுவலகம் முழுதும் அதன் பக்கமே காது வைத்திருந்தது. வழக்கமாகப் பத்து நாற்காலி போதுமான அறைக்குப் பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் நாற்காலி போனது.

2006 ஜனவரி 25 அன்று உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தை நிராகரித்தார். முன்பே வெளியானது, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது, மூன்று டி தடுக்கிறது, முன்னுரிமைத் தேதியைக் கோரியதும் செல்லாது. உடலில் மருந்து ஏறும் அளவு 30 சதவீதம் கூடுகிறது என்று நோவார்ட்டிஸ் தரவு காட்டியிருந்தது. அது திறன் கூடியதற்குச் சான்றாகாது என்று உத்தரவு சொன்னது. சில பக்கங்களே கொண்ட உத்தரவு. அதை வைத்து உலகம் ஏழு ஆண்டு வாதிட்டது.

நோவார்ட்டிஸ் உயர் நீதிமன்றம் போய் அந்த மூன்று டி பிரிவையே எதிர்த்தது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. சர்வதேச ஒப்பந்தத்துக்கு முரணா என்று பார்க்கும் இடம் இந்த நீதிமன்றம் இல்லை, பிரிவு தன்னிச்சையானதும் இல்லை என்றது. பிறகு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம். அதுவும் சென்னையில்தான், அதே குணா காம்ப்ளெக்ஸில்; நாங்கள் அதற்குள் கிண்டிக்குக் குடிபோயிருந்தோம். வாரியம் 2009இல் புதுமை உண்டு என்று ஒப்புக்கொண்டு, மூன்று டியில் தோற்கடித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய் இறுதியாகச் சொன்னார்கள்: மருந்தில் செயல்திறன் என்றால் நோயைத் தீர்க்கும் திறன். அன்று அலுவலகத்தில் யாரோ, இன்றைய தேதியைப் பார்த்து இதை நம்பலாமா என்று கேட்டார்கள்.

இந்த இடைக்காலத்தில் நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் கவனிக்கப்பட்டது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி ஆண்டுதோறும் வெளியிடும் ஸ்பெஷல் 301 அறிக்கையில் மூன்று டி நிரந்தர உறுப்பினர் ஆகிவிட்டது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர், என்னிடம் இருந்த வேறொரு கோப்பின் விசாரணை முடிந்து எழும்போது, “உங்கள் உத்தரவை வாஷிங்டனில் படிப்பார்கள், மேடம்” என்றார். அறிவுரையாக எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். “படிக்கட்டும் சார், அதுக்குத்தானே காரணம் எழுதறோம்” என்றேன். அந்த விண்ணப்பத்தில் பாதிக் கோரிக்கைகளை அனுமதித்தேன், பாதியை மறுத்தேன். எதிர்க்கிறவர்கள் சொல்வது போல் நாங்கள் எல்லாவற்றையும் நிராகரிக்கவும் இல்லை. ஆதரிக்கிறவர்கள் நினைப்பது போல் எல்லாவற்றையும் தடுக்கவும் இல்லை. மூன்று டியைத் தாண்டி எத்தனையோ துணை வடிவங்கள் காப்புரிமை பெற்றிருக்கின்றன, பெரும்பாலும் ஆட்சேபிக்க ஆள் வராத கோப்புகளில். ஓர் உப்பின் திறன் கூடியதா என்று சரிபார்க்க ஒரு பரிசோதகருக்குக் கிடைத்த நேரம் சில மணி. எதிர்த்தரப்பு கட்டுக்கட்டாகத் தரவு கொண்டுவந்து போட்டால்தான் கேள்விகள் கூர்மையாகும்.

2012 மார்ச்சில் மும்பையில் தலைமைக் கட்டுப்பாட்டாளர் பி. எச். குரியன் நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காமலே இன்னொருவர் மருந்தைச் செய்து விற்கும் அனுமதியை, கொடுத்தார். பேயரின் நெக்சாவர் மருந்து மாதத்துக்கு 2,80,000 ரூபாய் அளவில் விற்றது. நாட்கோ அதை 8,880 ரூபாய்க்குத் தர வேண்டும், 6 சதவீதம் ராயல்டி கட்ட வேண்டும் என்பது உத்தரவு. 2013 மார்ச்சில் சென்னை வாரியம் அதை உறுதிசெய்து, ராயல்டியை 7 சதவீதம் ஆக்கியது. இனி இது மழையாகக் கொட்டும் என்று சிலர் பயந்தார்கள், சிலர் ஆசைப்பட்டார்கள். அதற்குப் பிறகு இன்னொரு கட்டாய உரிமம் இந்தியாவில் தரப்படவில்லை.

2014இல் மருந்து விண்ணப்பங்களைப் பரிசோதிப்பதற்கான வழிகாட்டுதல்கள் வெளியாயின. அதன் வரைவு வேலையில் சில பக்கங்கள் என்னுடையவை. சிறிது காலத்தில் ஓய்வு பெற்றேன். அதற்குப் பின் நூற்றுக்கணக்கில் பரிசோதகர்களை எடுத்தார்கள். எங்கள் காலத்தில் கேட்டுக் கேட்டுச் சலித்தது. மேல்முறையீட்டு வாரியத்தை 2021இல் கலைத்து, வழக்குகளை உயர் நீதிமன்றங்களுக்கு மாற்றிவிட்டார்கள். 2023-24ஆம் ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் காப்புரிமை வழங்கியதாக அரசு பெருமையோடு அறிவித்தது. எண்ணிக்கையைச் சாதனையாகச் சொல்வது எனக்கு ஒட்டவில்லை. காப்புரிமை என்பது இருபது ஆண்டு மற்றவர்கள் தொடக் கூடாது என்று வரையும் கோடு. எத்தனை கோடு வரைந்தோம் என்பதைவிட, சரிபார்த்து வரைந்தோமா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

2024 மார்ச் 15 அன்று வந்த விதித் திருத்தம் வேகத்தின் பக்கம் இன்னும் சாய்ந்தது. காப்புரிமைக்கு முந்தைய ஆட்சேபணைக்குக் கட்டணம் வந்திருக்கிறது. ஆட்சேபணை ஏற்கத்தக்கதா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவு செய்வார். காப்புரிமையை நாட்டில் பயன்படுத்துகிறார்களா என்று ஆண்டுதோறும் தர வேண்டிய அறிக்கையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும். வீண் ஆட்சேபணைகள் அதிகமாயின, விண்ணப்பங்கள் தேங்கின என்பது அரசின் காரணம். வீண் ஆட்சேபணைகளை நானும் பார்த்திருக்கிறேன். பொய்ப் பெயரில் போட்டியாளர்கள் போடுவதும் நடந்தது. அவற்றைத் தள்ள அதிகாரிக்கு முன்பே போதிய அதிகாரம் இருந்தது. கட்டணம் கம்பெனிகளைத் தடுக்காது. தடுக்கப்போவது ஆரணியிலிருந்து வருகிறவரைத்தான்.

வழக்குப் போடுவது காப்புரிமை கொடுத்த பின்பும் முடியும், ஆனால் அது பணமும் ஆண்டுகளும் தின்னும். கொடுப்பதற்கு முன் ஒரு நாற்காலி போடுவது எல்லாருக்கும் மலிவு. நோயாளிகளும் அவர்கள் சார்பில் பேசும் சங்கங்களும் போடும் ஆட்சேபணைக்காவது கட்டணத்தை நீக்க வேண்டும், கேட்டவுடன் நேர்விசாரணை தர வேண்டும். படிக்கிற உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பதினெட்டு மாதம் கழிந்த விண்ணப்பங்கள் எல்லாம் காப்புரிமை அலுவலகத்தின் வார இதழில் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இன்னும் வரவில்லை.